கோனில் ஏறும் நூலின் இழுவிசை: கட்டுப்பாடு எங்கே தொடங்குகிறது

ஒரே கலவைப் பஞ்சில், ஒரே கவுண்டில் (நூலின் பருமனைக் குறிக்கும் எண்), ஒரே நாளில் நூற்ற நூலை வைண்டிங் இயந்திரத்தின் (நூலைக் கோன் என்னும் பெரிய கூம்புப் பொதியாகச் சுற்றுவது) இரண்டு டிரம்களில் (கோனைச் சுழற்றும் பள்ளமிட்ட உருளைகள்) ஓட்டி, இரண்டு கோன்களையும் ஒரே சாயத்தொட்டியில் இறக்கினால், ஒன்று சீராகச் சாயம் ஏறியும் மற்றொன்று உள்ளடுக்குகளில் வெளுத்தும் வருவது உண்டு. பின்னலாடைத் துணியில் குறுக்கே ஓடும் மங்கலான கோடுகளும், பாவு ஓட்டும்போது குறிப்பிட்ட சில கோன்களில் மட்டும் நூல் மீண்டும் மீண்டும் அறுவதும் இதே வகையைச் சேர்ந்தவை. இவற்றுக்கெல்லாம் நூற்பைக் குறை சொல்வது எளிது. ஆனால் நூல் காப்பிலிருந்து (நூற்பில் நூல் முதலில் சுற்றப்படும் சிறு பாபின்) கோனுக்கு மாறும் அந்தச் சில நிமிடங்களில் அதன் மீது எவ்வளவு இழுவிசை இருந்தது, அதைவிட முக்கியமாக, அந்த இழுவிசை எவ்வளவு ஏறி இறங்கியது என்பதைப் பார்க்காமல் தீர்ப்புச் சொல்வது சரியாக இராது.

பருத்தி நூல் அறுவதற்கு முன் ஏறக்குறைய 6 சதவீதம் நீளக்கூடியது. அந்த நீட்சிதான் தறியில் அது படும் அடிகளைத் தாங்கும் சேமிப்பு. வைண்டிங்கில் நூலை மிகையாக இழுத்தால், அந்த நீட்சியில் ஒரு பகுதி அங்கேயே செலவாகிவிடுகிறது. நூல் கோனில் இழுபட்ட நிலையிலேயே நாள்கணக்கில் கிடப்பதால், மீண்டு சுருங்க வேண்டிய பகுதியும் அப்படியே தங்கிப்போகிறது. பின்னர் ஈரம் படும்போதோ துணி துவைக்கப்படும்போதோ அது தன் பழைய நீளத்தைத் தேடிச் சுருங்குகிறது. இழுபட்ட இடமும் இழுபடாத இடமும் அடுத்தடுத்த வளையங்களாகப் பின்னப்பட்டிருந்தால், துணியில் கோடு தெரிகிறது. மறுபக்கத்தில், இழுவிசை போதாவிட்டால் கோன் தளர்ந்துபோகிறது, ஓரங்களில் நூல் வழுக்கி வெளியே விழுகிறது, முறுக்கு அதிகமுள்ள நூல் தனக்குத் தானே சுருண்டு முடிச்சாகிறது.

நடைமுறையில் பெரும்பாலும் பின்பற்றப்படும் அளவுகோல், ஒற்றை நூலின் அறுபடு வலிமையில் பத்தில் ஒரு பங்கை ஒட்டி இழுவிசையை வைப்பது. 30-ஆம் நம்பர் பருத்தி நூல் ஏறக்குறைய 19.7 டெக்ஸ், அதாவது 1000 மீட்டர் நூலின் எடை 19.7 கிராம். அதன் வலிமை டெக்ஸுக்கு 15 சென்டிநியூட்டன் என்று கொண்டால், நூல் 300 சென்டிநியூட்டனை ஒட்டி அறும்; ஆகவே வைண்டிங் இழுவிசை 30 சென்டிநியூட்டன் அளவில், அதாவது கிட்டத்தட்ட 30 கிராம் எடைக்கு இணையாக இருக்கும். சாயத்துக்குப் போகும் கோனுக்கு இதைவிடக் குறைவாக வைப்பார்கள். இந்த எண்ணைக் கண்டுபிடித்து இயந்திரத்தில் பதிப்பது கடினமான வேலை அல்ல. எந்த மேற்பார்வையாளரும் செய்துவிடுவார். பதித்த எண் 30 என்றிருக்க, நூலின் மீது உண்மையில் 20-க்கும் 50-க்கும் இடையே ஊசலாடும் விசை இருக்கிறதே, அங்கேதான் சிக்கல் எல்லாம் இருக்கிறது. அந்த ஊசலாட்டத்தின் பெரும்பகுதி டென்ஷன் டிஸ்க்கில், அதாவது நூலை அழுத்தி இழுவிசை தரும் தட்டுகளில், பிறப்பதில்லை. நூல் டிஸ்க்கை அடையும் முன்பே, காப்பிலிருந்து கழலும் இடத்தில் பிறக்கிறது.

ரிங் ஃபிரேமிலிருந்து வரும் காப் வைண்டிங்கில் சுழல்வதில்லை. அது அசையாமல் நிற்க, நூல் அதன் நுனி வழியாக மேல்நோக்கி உருவப்படுகிறது. உருவப்படும் நூல் காப்பைச் சுற்றி அதிவேகமாகச் சுழன்று, கண்ணுக்குப் பானை வடிவம் போலத் தெரியும் ஒரு பலூனை உண்டாக்குகிறது. இந்தப் பலூனில் ஏற்படும் மையவிலக்கு விளைவும் காற்றின் எதிர்ப்பும் நூலைத் திருப்பி இழுக்கின்றன. அந்த இழுவை நூலின் பருமனுக்கு நேர்விகிதத்திலும், வேகத்தின் இருமடிக்கு ஏற்பவும் கூடுகிறது. நிமிடத்துக்கு 1000 மீட்டரிலிருந்து 1400 மீட்டருக்கு வேகத்தை உயர்த்தும்போது உற்பத்தி 40 சதவீதம் கூடும் என்று மகிழ்வோர், கழலும் இழுவிசை ஏறக்குறைய இரு மடங்காகிறது என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

வேகம் மாறாமல் இருந்தாலும் இந்த இழுவிசை நிலையாக நிற்பதில்லை. காப் நிறைந்திருக்கும்போது நூல் கழலும் இடம் மேலே, நூல் நுழையும் வழிகாட்டிக்கு அருகில் இருக்கிறது. காப் காலியாகக் காலியாக அந்த இடம் கீழே இறங்குகிறது, பலூன் நீள்கிறது, நூல் வெற்று பாபினின் உடலைச் சுற்றி உரசிக்கொண்டே மேலேறுகிறது. பலூனில் உள்ள வளைவுகளின் எண்ணிக்கையும் இடையிடையே மாறும். இரண்டு வளைவாக இருந்தது திடீரென்று ஒன்றாகும்போது இழுவிசை ஒரே தாவலாக உயரும். காப்பின் கடைசி மூன்றில் ஒரு பங்கில் நூல் அறுவது கூடுவதும், நூலில் பிசிறு எழும்புவது கூடுவதும் பெரிதும் இதனால்தான்.

இந்த ஏற்றம் ஒரு கோனுக்குள் எத்தனை முறை நிகழ்கிறது என்று கணக்கிட்டுப் பார்ப்பது பயனுள்ளது. 20 டெக்ஸ் நூலை 60 கிராம் சுமக்கும் ஒரு காப்பில் 3000 மீட்டர் இருக்கும். நிமிடத்துக்கு 1200 மீட்டர் வேகத்தில் அது இரண்டரை நிமிடத்தில் தீர்ந்துவிடும். இரண்டு கிலோ கோன் ஒன்றுக்கு இத்தகைய காப்கள் 33 வேண்டும். ஆகவே கட்டுப்பாடு சரியில்லாத கோன் ஒன்றை நடுவே வெட்டிப் பார்க்க முடிந்தால், தளர்ந்தும் இறுகியும் மாறி மாறி வரும் 33 பட்டைகள் அதில் இருக்கும்; ஒவ்வொரு பட்டையின் இறுகிய முடிவும் அடுத்த காப்பின் தளர்ந்த தொடக்கத்தோடு ஸ்பிளைசரால் (நூல்முனைகளை முடிச்சின்றி இணைக்கும் கருவி) இணைக்கப்பட்டிருக்கும். துணியில் இந்த இணைப்பைத் தாண்டும் இடத்தில் நூலின் தன்மை சட்டென்று மாறுகிறது. சராசரி இழுவிசை எவ்வளவு சரியாக இருந்தாலும் இது மறையாது.

ஆகவே முதல் மருந்தைக் கழலும் இடத்திலேயே இட வேண்டும். காப்புக்கு மேலே பலூன் உடைப்பானைப் பொருத்தினால், ஒரு பெரிய பலூன் இரண்டு சிறிய பலூன்களாக உடைந்து, கடைசிக் கட்டத்தின் ஏற்றம் கணிசமாகக் குறைகிறது. புதிய இயந்திரங்கள் சிலவற்றில், காப் காலியாவதைத் தொடர்ந்து தானும் கீழிறங்கி வரும் குழல் ஒன்று இருக்கிறது. கழலும் இடத்துக்கும் குழலுக்கும் இடையிலுள்ள தொலைவு எப்போதும் ஏறக்குறைய ஒரே அளவாக இருப்பதால் பலூனும் ஒரே அளவாகவே நிற்கிறது. இவற்றைவிட மலிவான, பலரும் மறந்துவிடுகிற ஒன்று, காப் நிற்கும் முளை வழிகாட்டிக்கு நேர் கீழே இருக்கிறதா என்று பார்ப்பது. முளை சற்றே சாய்ந்திருந்தாலும், ஒவ்வொரு சுற்றிலும் நூல் பாபினின் ஒரு பக்கத்தில் மட்டும் உரசி, சுற்றுக்கு ஒரு முறை இழுவிசையில் ஒரு துடிப்பை உண்டாக்கும். அதை எந்த மின்னணுக் கட்டுப்பாட்டாலும் முழுவதும் சரிசெய்ய முடியாது.

கழன்று வந்த நூல் அடுத்து இழுவிசைக் கருவியைச் சந்திக்கிறது. எல்லா உராய்வுக் கருவிகளும் இரண்டு குணங்களில் ஒன்றையோ, இரண்டின் கலப்பையோ கொண்டவை. வரும் இழுவிசையோடு ஒரு குறிப்பிட்ட அளவைக் கூட்டுவது ஒன்று. வரும் இழுவிசையை ஒரு குறிப்பிட்ட எண்ணால் பெருக்குவது மற்றொன்று. இரண்டு தட்டுகளுக்கு இடையே நூலை அழுத்தும் டிஸ்க் முதல் வகை. தட்டின் இருபுறமும் உரசுவதால், அழுத்தும் விசையை உராய்வுக் கெழுவால் பெருக்கி, அதை இரட்டிப்பாக்கினால் வரும் அளவு நூலின் இழுவிசையோடு சேர்கிறது. முளைகளின் மீது நூலை வளைத்து வளைத்து ஓட்டும் வேலிக்கதவு போன்ற அமைப்பு இரண்டாம் வகை. உருளையைச் சுற்றிய கயிற்றுக்கு ஆய்லரும் ஐட்டெல்வைனும் எழுதிய சூத்திரம்தான் அதற்கும் பொருந்தும். இதில் நூல் வளையும் மொத்தக் கோணமும் உராய்வுக் கெழுவும் அடுக்குக்குறியில் நிற்கின்றன, ஆகவே அவற்றின் சிறு மாற்றம்கூடப் பெரிதாகத் தெரியும்.

காப்பிலிருந்து வரும் இழுவிசை 5-க்கும் 10-க்கும் இடையே மாறுகிறது என்று வைத்துக்கொள்வோம். 20 சென்டிநியூட்டன் கூட்டும் டிஸ்க்கைத் தாண்டினால் அது 25-க்கும் 30-க்கும் இடையே இருக்கும். மூன்றால் பெருக்கும் முளை அமைப்பைத் தாண்டினால் 15-க்கும் 30-க்கும் இடையே இருக்கும். உச்ச அளவு இரண்டிலும் ஒன்றே. ஆனால் முதலாவதில் உச்சம் தாழ்வைவிட 20 சதவீதமே கூடுதல், இரண்டாவதில் இரு மடங்கு. அதாவது பெருக்கும் கருவி, காப்பின் குறையை அப்படியே பெருக்கிக் கோனுக்கு அனுப்பிவைக்கிறது.

உராய்வு மாறும்போது வேறுபாடு இன்னும் கூர்மையாகிறது. முளைகளின் மீது மொத்தம் ஒரு முழுச் சுற்று, அதாவது 360 பாகை, நூல் வளைகிறது என்றால், உராய்வுக் கெழு 0.2 ஆக இருக்கும்போது இழுவிசை மூன்றரை மடங்காகும், கெழு 0.3 ஆனால் ஆறரை மடங்குக்கும் மேலே போகும். டிஸ்க்கில் இதே மாற்றம், கூட்டப்படும் அளவை ஒன்றரை மடங்காக்குவதோடு நின்றுவிடும். நூலின் ஈரப்பதம், அதன் மேலுள்ள மெழுகு, முளையின் மெருகு ஆகிய எல்லாமே உராய்வுக் கெழுவை மாற்றக்கூடியவை என்பதை நினைத்தால், பஞ்சு நூலுக்கான கோன் வைண்டிங்கில் டிஸ்க் ஏன் நிலைத்துவிட்டது என்பது விளங்கும். முளை அமைப்பு அதனால் பயனற்றது என்று சொல்லிவிட முடியாது: அது நூலை நசுக்குவதில்லை, தடித்த இடம் வரும்போது துள்ளுவதில்லை, நீண்ட தொடர் இழைகளால் ஆன நூல்களிடம் மென்மையாக நடந்துகொள்கிறது. வரும் இழுவிசை ஏற்கெனவே சீராக இருக்கும் இடங்களில் அதுவே நல்ல தேர்வு.

டிஸ்க்கின் பலவீனம் அதன் எடையில் இருக்கிறது. பழைய அமைப்பில் மேல்தட்டின் மீது வளைய எடைகளை அடுக்கி அழுத்தம் தருவார்கள். நூலில் தடித்த இடம் ஒன்று வேகமாக வந்து மோதும்போது தட்டு மேலே எம்பும். எம்பிய நேரத்தில் நூலுக்குப் பிடிமானமே இல்லை, திரும்ப விழும்போது அடியோடு விழுகிறது. வேகம் கூடக்கூட இந்தத் துள்ளல் மோசமாகும். சுருள்வில்லாலோ மின்காந்தத்தாலோ அழுத்தம் தந்து, தட்டை இயன்றவரை லேசாகச் செய்து, ஃபெல்ட் வளையத்தால் அதிர்வை உறிஞ்சினால் துள்ளல் அடங்குகிறது. அழுத்தத்துக்கு எடையே தேவையில்லாத நிலை வந்த பிறகுதான் நிமிடத்துக்கு ஆயிரம் மீட்டருக்கு மேற்பட்ட வேகங்களில் டிஸ்க்கை நம்ப முடிந்தது.

பராமரிப்பில் மிக எளிதாகக் கைவிடப்படுவதும் இந்த டிஸ்க்தான். இரண்டு தட்டுகளையும் பிரித்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால், நடுமுளையைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில் கம்பளம் போலப் படிந்த பஞ்சுத்தூசி தெரியும். ஏற்கெனவே மெழுகிட்ட நூலை ஓட்டிய இயந்திரமாக இருந்தால் அது பிசுபிசுத்து நகத்தால் சுரண்டினாலும் வராது. அந்தப் படிவு ஒரு பக்கத்தில் மட்டும் இருந்தால் தட்டுகள் இணையாக உட்காராமல் ஆப்பு போலத் திறந்து நிற்கும், நூல் இடுக்கில் சிக்காமல் வெளியே ஓடும், பதித்த அழுத்தம் முழுவதும் தூசியின் மேல் போய் நிற்கும். தட்டு சுழலாமல் நின்றுவிட்டால் இன்னொரு கேடு: நூல் ஒரே கோட்டில் ஓடி ஓடி எஃகிலேயே நுண்ணிய பள்ளம் வெட்டிவிடும். விரல் நுனியை அதன்மேல் ஓட்டினால் முதலில் தட்டுப்படாது. நகத்தை ஓட்டினால் தட்டுப்படும். அந்தப் பள்ளத்தில் நூல் புதைந்து ஓடும்போது தட்டு அதை அழுத்துவதே இல்லை. பல இயந்திரங்களில் தட்டுகளைச் சிறு மோட்டாரால் மெதுவாகச் சுழற்றுவது இந்தக் காரணத்துக்காகத்தான். சுழலும் தட்டு தன் தூசியையும் தானே வெளியே தள்ளிக்கொள்கிறது.

டிஸ்க்கைத் தாண்டிய பிறகும் நூலின் இழுவிசையை மாற்றும் இடங்கள் உண்டு. பின்னலாடை நூலுக்கு மெழுகு தடவும்போது, மெழுகுக் கட்டியின் மீது நூல் உரசுவதும் இழுவிசையைச் சற்றுக் கூட்டும். மெழுகு, டிஸ்க்குக்குப் பின்னால் தடவப்படுவதால் டிஸ்க்கின் உராய்வை அது பாதிப்பதில்லை. அடுத்த இயந்திரத்தில் நூல் படும் உராய்வைத்தான் பாதியளவுக்குக் குறைக்கிறது. இந்த வரிசையை மாற்றி அமைத்தால், தட்டில் மெழுகு படிந்து டிஸ்க் தன் வேலையைச் செய்யாது.

அடுத்தது டிரம். கோன் என்பது கூம்பு, டிரம் உருளை. அரைக்கோணம் 5 பாகை 57 கலை (ஒரு கலை, பாகையில் அறுபதில் ஒரு பங்கு) உள்ள கூம்பில் 150 மில்லிமீட்டர் அகலத்துக்கு நூல் சுற்றினால், பெரிய முனையின் விட்டம் சிறிய முனையைவிட ஏறக்குறைய 31 மில்லிமீட்டர் கூடுதலாக இருக்கும். வெற்றுக் கோனில் சிறிய முனை 35 மில்லிமீட்டர் என்றால் பெரிய முனை 66. அதாவது அங்கே பரப்பு கிட்டத்தட்ட இரு மடங்கு வேகத்தில் ஓடுகிறது. கோன் வளர்ந்து சிறிய முனை 200 ஆகும்போது பெரிய முனை 231. வேறுபாடு 15 சதவீதமாகச் சுருங்கிவிடுகிறது. நூல் ஒவ்வொரு முறை இடமும் வலமும் போகும்போதும் இந்த வேக வேறுபாட்டைச் சந்திப்பதால், கோனின் தொடக்க அடுக்குகளில் இழுவிசை அதிகமாகத் துடிக்கும். தொடக்கத்தில் வேகத்தைக் குறைத்து, கோன் சற்றுப் பருத்தபின் உயர்த்துவது நல்ல பழக்கம்.

இந்தத் துடிப்பை இழுவிசைக் கருவியால் பிடிக்க முடியுமா? நிமிடத்துக்கு 1200 மீட்டர் என்பது நொடிக்கு 20 மீட்டர். 15 பாகைச் சாய்வில் சுற்றும்போது 150 மில்லிமீட்டர் அகலத்தை நூல் ஏறக்குறைய 30 மில்லிசெகண்டில் கடந்துவிடும். அந்த நேரத்துக்குள் உணரி அளந்து, கணினி முடிவு செய்து, தட்டு அழுத்தி, அந்த அழுத்தத்தின் விளைவு நூலில் தெரிய வேண்டும். அது கடினம். மாறாக, காப் காலியாவதால் வரும் ஏற்றம் இரண்டரை நிமிடத்தில் மெல்ல வருகிறது. அதைத் துரத்துவது எளிது. ஆகவே டிரம்முக்கு முன்னால் உணரியை வைத்து, அதன் அளவீட்டைக் கொண்டு டிஸ்க் அழுத்தத்தைத் தொடர்ந்து திருத்தும் மூடிய சுற்றுக் கட்டுப்பாடு, மெதுவான ஏற்றத்தைச் சமன்செய்யவே பெரிதும் உதவுகிறது. வேகமான துடிப்பைக் குறைக்க வேண்டுமானால் நூல்வழியின் வடிவமைப்பையும் டிரம்மின் பள்ள வடிவத்தையும்தான் நம்ப வேண்டும். இந்த எல்லையைப் புரிந்துகொள்ளாமல் மின்னணுக் கட்டுப்பாடு இருக்கிறது என்பதற்காகப் பலூன் உடைப்பானைக் கழற்றி வைப்பவர்கள், கட்டுப்பாட்டுக்கு இருக்கும் இடத்தைத் தாங்களே பறித்துவிடுகிறார்கள்: காப்பின் முடிவில் கழலும் இழுவிசை மட்டுமே பதித்த அளவைத் தாண்டிவிட்டால், டிஸ்க் முழுவதும் திறந்துகொண்டாலும் குறைக்க எதுவும் இல்லை. உராய்வுக் கருவியால் இழுவிசையைக் கூட்ட மட்டுமே முடியும். அந்த நிலையில் மீதமிருக்கும் ஒரே வழி டிரம் வேகத்தைக் குறைப்பது; காப்பின் கடைசிப் பகுதியில் தானாக வேகத்தைக் குறைக்கும் வசதி அதற்காகத்தான் தரப்படுகிறது.

ஸ்பிளைசர் இணைத்து முடித்து டிரம் மீண்டும் புறப்படும் தருணம் இதற்கு நேர் எதிர். வேகம் குறைவாக இருப்பதால் பலூன் இழுவையே இல்லை. பதித்த அழுத்தம் அப்படியே இருந்தால் சில மீட்டர் நூல் தளர்வாகச் சுற்றப்பட்டுவிடும். புறப்பாட்டின்போது அழுத்தத்தை உயர்த்தி, வேகம் ஏற ஏறத் தளர்த்துவது இதற்கு வழி.

கோனின் அடர்த்தியை இழுவிசை மட்டும் தீர்மானிப்பதில்லை. கோன் டிரம்மின் மீது எவ்வளவு அழுத்தமாக உட்காருகிறது, நூல் எந்தக் கோணத்தில் குறுக்கிடுகிறது என்பவையும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன. சாயத்துக்கான பருத்தி கோனில் கன சென்டிமீட்டருக்கு 0.35 முதல் 0.40 கிராம் வரையிலான அடர்த்தியை நாடுவார்கள். பாவுக்குப் போகும் கோன் அதைவிட இறுக்கமாக இருக்கலாம். ஒரே தொட்டியில் தளர்ந்த கோனும் இறுகிய கோனும் கலந்திருந்தால், சாயநீர் தனக்கு எளிதான வழியாகத் தளர்ந்த கோனுக்குள் பாய்ந்துவிட்டு, இறுகியதை விட்டுவிடும். மேலும், வெளியடுக்குகள் உள்ளடுக்குகளை அழுத்துவதால், ஒரே இழுவிசையில் சுற்றினாலும் கோனின் உள்பகுதி நசுங்கிப் பக்கவாட்டில் வீங்கும். விட்டம் கூடக்கூட இழுவிசையைச் சிறிது சிறிதாகக் குறைத்துக்கொண்டே போவதும், கோனின் எடை கூடுவதற்கேற்ப அதைத் தாங்கும் கையின் அழுத்தத்தைத் தளர்த்துவதும் இதைத் தடுக்கும்.

செயற்கை இழை நூல்களில் நிலைமை வேறு. அங்கே நூல் பெரும்பாலும் ஓர் உருளையிலிருந்து ஊட்டப்பட்டு, தனி மோட்டாரால் சுழலும் பொதியில் ஏறுகிறது. இழுவிசை இரு வேகங்களின் வேறுபாட்டால் பிறக்கிறது. 16.7 டெக்ஸ் பாலியெஸ்டர் இழையின் விறைப்பு டெக்ஸுக்கு சுமார் 1000 சென்டிநியூட்டன் என்று கொண்டால், வேகத்தில் வெறும் 0.1 சதவீதப் பிழை 17 சென்டிநியூட்டன் அளவுக்கு இழுவிசையை மாற்றிவிடும். இரு மோட்டார்களின் வேக விகிதத்தை மட்டும் நம்பி இதைக் கட்டுப்படுத்த முடியாது. இடையில் ஒரு சிறு உருளையைத் தாங்கி மேலும் கீழும் ஆடும் கையை வைத்து, அதன் நிலையைக் கொண்டு பொதியின் வேகத்தைத் திருத்துகிறார்கள். கை சேமித்து வைக்கும் சில சென்டிமீட்டர் நூல், மோட்டார் திருந்துவதற்கான நேரத்தைத் தருகிறது. கையின் எடை கூடினால் அதன் சொந்த நிலைமமே புதிய துடிப்பாகும்.

எந்த இயந்திரமானாலும், திரையில் தெரியும் எண்ணைக் கைமீட்டரால் சரிபார்க்காமல் நம்புவது தவறு. கைமீட்டரில் நூல் மூன்று முளைகளின் வழியே ஓடுகிறது. நடுமுளை எவ்வளவு பின்னுக்குத் தள்ளப்படுகிறது என்பதே அளவு. மீட்டரைச் சரிபார்க்க, சோதிக்கும் நூலிலேயே 100 கிராம் எடையைத் தொங்கவிட்டு, மெதுவாக மேலே இழுத்தபடி பார்த்தால் அது 98 சென்டிநியூட்டன் காட்ட வேண்டும். விறைப்பான தடித்த நூலுக்குச் சரிசெய்த மீட்டர் மெல்லிய நூலில் பிழை காட்டும். மீட்டரைச் சொருகும்போதே அதன் முளைகள் நூலின் மீது கூடுதல் உராய்வைச் சேர்க்கின்றன என்பதால், எல்லா டிரம்களிலும் நூல்வழியின் ஒரே இடத்தில், ஒரே கோணத்தில் பிடிக்க வேண்டும். முள் நடுங்குகிறதே என்று மீட்டர் சராசரியாக்கும் அளவைக் கூட்டி முள்ளை அடக்கி வைப்பது பலரின் வழக்கம். பார்க்க வேண்டியதே அந்த நடுக்கத்தைத்தான். ஒவ்வொரு டிரம்மிலும் காப் நிறைந்திருக்கும்போது ஒன்று, பாதியில் ஒன்று, தீரும் முன் ஒன்று என மூன்று அளவுகளைக் குறித்தால், முதலுக்கும் மூன்றாவதற்கும் உள்ள வேறுபாடு கழலும் இடத்தின் நிலையைச் சொல்லும். மூன்றுமே மற்ற டிரம்களிலிருந்து ஒரே அளவு விலகியிருந்தால் பழுது டிஸ்க்கில் இருக்கிறது. மூன்றும் சரியாக இருந்து கோன் மட்டும் இறுகியோ தளர்ந்தோ வந்தால், கோனைத் தாங்கும் கையின் அழுத்தத்தைத்தான் அடுத்துப் பார்க்க வேண்டும்.